வெள்ளியங்கிரியின் வெள்ளை அணுக்கள்

இந்தக் காலத்து மனிதர்களுக்குத் தட்டிப் பார்க்கிற பழக்கமே விட்டுப் போய்விட்டது என்பது வெள்ளியங்கிரியின் தீராத புகார். தேங்காயைத் தட்டிப் பார்ப்பதில்லை, வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பதில்லை. கடை வாசலில் இருக்கும் கண்ணாடிக்கு உள்ளங்கையைக் காட்டுகிறார்கள், பெட்டி திறந்துகொள்கிறது, உள்ளே இருப்பதை அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஓட்டுகிற ஆளே இல்லாத பஸ்ஸில் ஏறி, உட்கார்ந்த மறு நிமிடமே வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார்கள். பிரேக் பிடிக்குமா என்று ஒருத்தனாவது கேட்டானா? யாரிடம் கேட்பது, அங்கேதான் ஆளே இல்லையே! வெள்ளியங்கிரி மட்டும் ஏறும் முன்னால் நான்கு டயரையும் உதைத்துப் பார்ப்பார். பஸ் பொறுமையாக நிற்கும். உள்ளே இருக்கும் சனம்தான் முணுமுணுக்கும்.

வயது எழுபத்தொன்று. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதியில். காங்கேயத்தில் கொப்பரைக் களங்களில் நாற்பது வருடம் தரம் பிரித்த கை. கந்தகப் புகை போட்டு வெளுக்க வைத்த கொப்பரையை மூக்குக்குக் கொண்டுபோகும் முன்பே தூக்கி எறிந்துவிடுவார். ஒரு சரக்கையாவது அவர் வாயால் "நல்லா இருக்குது" என்று சொல்லிக் கேட்டவர் கிடையாது. ரொம்ப நல்ல சரக்காக இருந்தால் "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல" என்பார். வியாபாரிகள் அதைக் கேட்டுச் சந்தோஷமாக லாரி ஏற்றுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் வயிற்றில் ஒரு கட்டி வந்தது. பைபாஸ் ஓரத்தில் புதிதாகக் கட்டியிருந்த வயிற்றுப் புற்று ஆராய்ச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கேதான் டாக்டர் ஹெப்சிபா அவருக்கு வாய்த்தாள். நாகர்கோயில்காரி, முப்பத்தைந்து வயது, எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்கிற பெண். சிரித்துக்கொண்டே பேசுகிறவர்களை வெள்ளியங்கிரி இரண்டு மடங்கு சந்தேகப்படுவார்.

"ஐயா, உங்க கட்டி ஒரு அவசரக்காரக் கட்டி," என்றாள் அவள். "ஒரு செல் ரெண்டாப் பிரியும்போது உள்ள இருக்கற சங்கதி எல்லாத்தையும் நகல் எடுக்கணும். எடுத்த நகலைச் சரிபார்க்க உள்ளேயே ஒரு காவல் உண்டு. உங்க கட்டியில அந்தக் காவல் கெட்டுப் போச்சு. அதனால ஆயிரக்கணக்குல தப்பு."

"அப்ப நெம்ப மோசமாக்கும்?"

"இல்ல ஐயா, உங்களுக்கு அதிர்ஷ்டம்."

வெள்ளியங்கிரி அவளை மேலும் கீழும் பார்த்தார். "தப்பு எச்சா இருந்தா அதிர்ஷ்டமா? எந்த ஊரு நாயம் அம்மிணி இது?"

"தப்பே செய்யாத கட்டி, பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி அடக்கமா இருக்கும். உடம்பு கண்டுக்காது. உங்க கட்டி ஒவ்வொரு தப்புக்கும் ஒரு புது வேஷம் போட்டு ஆடிக்கிட்டு இருக்கு. உங்க ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்கள் எல்லா வேஷத்தையும் ஏற்கெனவே பிடிச்சு வெச்சிருக்கு. கட்டி அதுங்க கையைக் கட்டிப் போட்டிருந்தது. நாங்க ஊசி போட்டு அந்தக் கட்டை மட்டும் அவுத்துவிட்டா போதும்."

அவிழ்த்துவிட்டார்கள். இரண்டு மாதத்தில் கட்டி கரைந்தது. நம்பாமல் மூன்று தடவை ஸ்கேன் எடுக்க வைத்தார். மூன்றாவது ஸ்கேனையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல," என்றார்.

ஹெப்சிபாவோ நுண்ணோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. "இவ்வளவு சந்தேகப்படற வெள்ளை அணுவை நான் பாத்ததே இல்லம்மா," என்று வெள்ளியங்கிரியின் மனைவி சம்பூர்ணத்திடம் வியந்துபோய்ச் சொன்னாள்.

"நான் நாப்பத்தி மூணு வருசமாப் பாத்துட்டிருக்கறனுங்க," என்றாள் சம்பூர்ணம்.

அங்கிருந்துதான் கூத்து ஆரம்பித்தது. அப்போது வெளிநாட்டில் ஒரு முறை கண்டுபிடித்திருந்தார்கள். ஒருவர் உடம்பில் பழகிய வெள்ளை அணுக்களை எடுத்து, பெருக்கி, பொருத்தம் சரிசெய்து இன்னொருவருக்கு ஏற்றலாம். தன் கட்டியைத் தானே கண்டுகொள்ளாத உடம்புகளுக்கு இது இரவல் காவல். இரவல் கொடுக்க நம் ஆளைவிட யார் இருக்கிறார்கள்?

"சும்மா ஒக்காந்திருந்தா போதும் ஐயா," என்று கெஞ்சினாள் ஹெப்சிபா. "ஒரு கையில இருந்து ரத்தம் எந்திரத்துக்குப் போகும், அணுவை எடுத்துக்கிட்டு மிச்ச ரத்தம் இன்னொரு கைக்கு வந்துரும்."

"மிச்சம் முச்சூடும் வருதான்னு எப்படித் தெரியறது?"

"எந்திரத்துக்குப் பக்கத்துலயே நாற்காலி போட்டுத் தர்றேன். நீங்களே பாத்துக்கிட்டு இருங்க."

அப்படித்தான் பன்னிரண்டு நோயாளிகள் படுத்திருக்கிற வார்டின் நட்டநடுவில் அவருக்கு நாற்காலி போடப்பட்டது. வாரம் ஒரு நாள், நான்கு மணி நேரம். இரண்டு கையிலும் குழாய், ஆனால் வாயில் குழாய் இல்லை. அந்த நான்கு மணி நேரமும் அவர் பேசினார். பால் பாக்கெட்டில் என்ன கலக்கிறார்கள், எடைக் கருவி எங்கே ஏமாற்றும், மருந்துச் சீட்டில் எதற்குக் கோழிக் கிறுக்கல், சாப்பாட்டு வண்டியில் வருகிற இட்லி ஏன் நேற்றைய இட்லியாக இருக்கலாம் என்று எல்லாவற்றையும் பேசினார். நோயாளிகள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். ஆறு மாதம் இப்படி ஓடியது. பல பேருக்குக் கட்டி சுருங்கியது. வெள்ளியங்கிரியின் படம் பேப்பரில் வந்தது. படத்தில் இருப்பது தான்தானா என்று அவருக்கே ஐயம்.

பிறகு ஒரு நாள், பல்லடத்துத் தையற்காரர் ஜோதிலிங்கத்தின் மனைவி கோமதி, ஆஸ்பத்திரி வராந்தாவில் வெள்ளியங்கிரியை வழிமறித்தாள்.

"நீங்கதான அந்த அணுக்காரரு?"

"ஆமா. எதுக்கு கேக்கறீங்க?"

"எங்க ஊட்டுக்காரரு பச்சப் புள்ளையாட்ட இருந்தாருங்க. யாரு என்ன சொன்னாலும் கேட்டுக்குவாரு. உங்க அணுவை ஏத்திட்டு வந்ததுல இருந்து, நான் ஊத்திக் குடுக்கற காப்பியில மொதல்ல என்னை ஒரு முழுங்கு குடிக்கச் சொல்றாருங்க! ரெவிக்கைக்கு அளவெடுத்தா மூணு தடவை எடுக்கறாரு, பொம்பளைக ஒருத்தரும் இப்ப கடைக்கு வாறதில்ல. கூடப் பொறந்த தம்பி வந்தா கதவைத் தொறக்கறதுக்கு முன்னாடி அடையாள அட்டை கேக்கறாரு. உசுரைக் குடுத்தீங்க, ஆளை எடுத்துக்கிட்டீங்க. நான் யாருகிட்டப் போயி அழுவறது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். வெள்ளியங்கிரி நெடுநேரம் அங்கேயே நின்றார். காப்பியை முதலில் குடிக்கச் சொல்வது நல்ல யோசனையாகத்தான் அவருக்குப் பட்டது. ஆனால் அந்தப் பெண் அழுத அழுகை பொய்யில்லை. அதையும் அவரால் தரம் பிரிக்க முடிந்தது.

விசாரித்தால் மற்றவர்களும் அப்படித்தான். வாத்தியார் ஒருத்தர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தனித்தனி அறையில் உட்கார வைத்துப் பரீட்சை எழுதச் சொல்கிறாராம். ஒரு பெண் சம்பந்தி வீட்டுப் பலகாரத்தைப் பூனைக்கு வைத்துப் பார்த்தாளாம். வெள்ளியங்கிரி அணு ஏறினால் வெள்ளியங்கிரி புத்தியும் ஏறும் என்று ஊரெல்லாம் பேச்சு.

"நெசமா அம்மிணி?" என்று கேட்டார்.

ஹெப்சிபா முதல் முறையாகச் சிரிக்காமல் பேசினாள். "வெள்ளை அணுக்கள் மூளைக்குச் சேதி அனுப்பும் ஐயா. காய்ச்சல் வந்தா மனசும் சோந்து போகுதுல்ல, அது இதனாலதான். அதனால இதுவும் அப்படி இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இன்னும் தெரியல."

அவள் 'தெரியல' என்று சொன்னதால் வெள்ளியங்கிரி அதை முழுசாக நம்பிவிட்டார். தெரியும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

இந்த நிலைமையில்தான் சம்பூர்ணத்துக்குச் சோறு இறங்காமல் போனது.

சம்பூர்ணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த உலகத்தில் அவள் நம்பாத ஆள் கிடையாது. உங்களுக்குப் பரிசாக ஃபிரிட்ஜ் விழுந்திருக்கிறது என்று ஐந்து வருடத்துக்கு முன்னால் போனில் எவனோ சொன்னான். அன்றைக்குச் சமையலறை மூலையை ஒழித்துத் துடைத்து வைத்தவள், இன்றைக்கு வரை அந்த இடத்தில் ஒரு சொம்பைக்கூட வைத்ததில்லை. "பாவம், வார வழியில என்ன தொந்தரவோ," என்பாள். மழை வரும் என்று ரேடியோ சொன்னால் குடையோடு வெளியே போய் வெயிலில் அதை விரித்துக்கொண்டு வருவாள். ஏமாந்தோம் என்று அவள் வருத்தப்பட்டதே இல்லை, ஏனென்றால் ஏமாந்தது அவளுக்குத் தெரியாது.

அப்படிப்பட்டவளுக்கு அவள் குணத்துக்கு ஏற்ற கட்டியே வந்திருந்தது.

"அம்மாவோட கட்டி சாதுவான கட்டி," என்றாள் ஹெப்சிபா. "தப்பே கிடையாது. எல்லா நகலும் சுத்தம். அதான் ஆபத்து. அம்மாவோட வெள்ளை அணுக்கள் பக்கத்துல போயி, நலமான்னு கேட்டுட்டு வந்துருது."

"எம் புத்தி அதுங்களுக்கும்," என்று சம்பூர்ணம் சிரித்தாள்.

"ரெண்டு வழி இருக்கு," என்று ஹெப்சிபா விரல் நீட்டினாள். "ஒண்ணு, ஐயாவோட அணுவை ஏத்தறது. அதுங்க சாது வேஷத்துக்கு மயங்காது. வெளிநாட்டுக் கணக்குல பத்துல எட்டுப் பேருக்காவது கேக்குது. ஆனா மத்த சங்கதி உங்களுக்கே தெரியும். இன்னொண்ணு புதுசு. பிழை மருந்துன்னு பேரு. கட்டிக்குள்ள நகலைச் சரிபார்க்கற காவலை நாமளே கெடுத்து விட்டுருவோம். கட்டி தாறுமாறாத் தப்புச் செய்ய ஆரம்பிக்கும், தானே தன்னைக் காட்டிக் குடுக்கும். அம்மாவோட சொந்த அணுக்களே முழிச்சுக்கும்."

"முழிக்கலைன்னா?" என்றார் வெள்ளியங்கிரி.

"தப்புச் செய்யற கட்டி வேகமா வளரும் ஐயா. பாதிக்குப் பாதி. அடுத்த திங்கட்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க."

வெள்ளியங்கிரி வாயைத் திறக்கும் முன்பே சம்பூர்ணம் முந்திக்கொண்டாள். "இதுல யோசிக்க என்ன இருக்குது? ஆத்தாகிட்டப் பூக்கேட்டுப் போடலாம்."

பூ என்றதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அங்காளம்மன் கோயிலில் பூக்கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஒரே மாதிரி இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்புப் பூ. அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததைப் பிரித்தால் ஆத்தாளின் முடிவு தெரிந்துவிடும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது, அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

நாற்பத்தாறு வருடத்துக்கு முன்னால் இவர்கள் கல்யாணத்துக்கும் அப்படித்தான் கேட்டார்கள். சம்பூர்ணத்தின் அப்பன் ஒரே பிடியாக நின்றான். வெள்ளை வந்தால் பெண் தருவேன், சிவப்பு வந்தால் இந்தப் பேச்சே வேண்டாம் என்றான். வெள்ளியங்கிரிக்குச் சாமி மேல் பெரிய குறை ஒன்றும் இல்லை. பொட்டலத்தைத் தொடுகிற மனிதக் கைகள் மேல்தான் சந்தேகம். முதல் நாளே பூசாரியின் காலைப் பிடித்து, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை நந்தியாவட்டையைத் தானே கட்டி வைத்துவிட்டார். வெள்ளை வந்தது. வராமல் எங்கே போகும்? யாரிடமும் எதையும் மூடி மறைக்காத அந்த ஆள் சம்பூர்ணத்திடம் மறைத்தது அது ஒன்றைத்தான். அவளோ அந்தப் பூவின் மேல்தான் வீட்டையே கட்டியிருந்தாள். எத்தனை சண்டை வந்தாலும் கடைசியில் "ஆத்தா குடுத்த ஆளு, என்ன பண்றது?" என்று இலையைப் போட்டுவிடுவாள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அவருடைய அணு அவளுக்குள் ஏறினால் என்ன ஆகும்? முதலில் ஃபிரிட்ஜ் வராது என்று தெரியும். ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் போய், ஒரு நாள் அந்த வெள்ளைப் பூவில் போய் நிற்பாள். "இன்னொரு பொட்டலத்துல என்னங்க இருந்துச்சு?" என்பாள். அவ்வளவுதான்.

மூன்று நாள் அவருக்குத் தூக்கம் இல்லை. நான்காம் நாள் காலையில் எழுந்து சட்டையைப் போட்டார். அவள் சந்தேகப்படுவதென்றாலும் உயிரோடு இருந்துதானே படவேண்டும்? பத்துக்கு எட்டு எங்கே, பாதிக்குப் பாதி எங்கே? நேரே கோயிலுக்குப் போனார். பழைய பூசாரி போய்ச் சேர்ந்து, இப்போது அவர் மகன் மாரப்பன் இருந்தான். இவர் சொன்னதைக் கேட்டு மாரப்பன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"ரெண்டுலயும் வெள்ளையா? ஏனுங்க, ஆத்தா முன்னாடி இது நாயமுங்களா?"

"ஆத்தாளுக்கு நான் நேர்ல சமாதானம் சொல்லிக்கறேன். நீ கட்டுடா. இல்ல, நீ வேண்டாம், நானே கட்டறேன்."

வெள்ளை என்றால் வெள்ளியங்கிரியின் அணு, சிவப்பு என்றால் பிழை மருந்து என்று பேச்சு. இரண்டிலும் வெள்ளையைக் கட்டி, நார் முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் சம்பூர்ணம் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மாரப்பன் மற்றதைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டான். இவள் முடிச்சை அவிழ்த்தாள்.

செவ்வரளி. இரத்தச் சிவப்பு.

வெள்ளியங்கிரியின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. "இது எப்படி!" என்று மட்டும் ஒரு சத்தம் வந்தது. எப்படி என்று விளக்கினால் எல்லாவற்றையும் விளக்க வேண்டும். மாரப்பனைப் பார்த்தார். மாரப்பன் விளக்குத் திரியைத் தூண்டுவதில் மும்முரமாக இருந்தான்.

"ஆத்தா சொல்லிட்டா," என்றாள் சம்பூர்ணம்.

அவர் தன் கையாலேயே கட்டிய பூ. முடிச்சையும் இழுத்துப் பார்த்தாயிற்று. வெள்ளையாக வைத்தது சிவப்பாக வருகிறது என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும். எழுபத்தொரு வயதில், வியர்த்து விறுவிறுத்து, வெள்ளியங்கிரி அங்காளம்மன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சாமி இருக்கிறது!

அடுத்த எட்டு வாரம் காங்கேயம் காணாத காட்சியெல்லாம் கண்டது. வெள்ளியங்கிரி மொட்டை போட்டுக்கொண்டார். டயரை உதைக்காமல் பஸ் ஏறி, உட்கார்ந்த உடனே தூங்கினார். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கி வந்தார். வெட்டினால் எட்டில் ஆறு சொத்தை. "இருக்கட்டும், புழுவும் ஆத்தா படைச்சதுதான," என்றார். சாமியே இருக்கிறது என்றால் மற்றதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும் என்கிற நிலைக்கு வந்துவிட்டார். காதுக்குப் பின்னால் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுவது மாதிரி ஒரு சந்தோஷம். வார்டில் போய் நாற்காலியில் உட்கார்ந்து, "எல்லாரும் நல்லவங்கதானப்பா!" என்று சொன்னபோது, அன்றைக்கு மருந்தேற்ற வந்து படுத்திருந்த தையற்காரர் ஜோதிலிங்கம் மணியடித்து நர்ஸைக் கூப்பிட்டார். "இவரு நெசமா அவருதானா, பாருங்க சிஸ்டர்."

பிழை மருந்து சம்பூர்ணத்துக்குள் இறங்கியிருந்தது. மூன்றாம் வாரம் ஹெப்சிபாவின் முகம் சுருங்கியது. கட்டி மூன்றில் ஒரு பங்கு வளர்ந்திருந்தது. பிழைகள் நூறு நூறாகப் பெருகிக்கொண்டிருந்தன. சம்பூர்ணத்தின் வெள்ளை அணுக்கள் மட்டும் இன்னும் நலம் விசாரித்துக்கொண்டிருந்தன.

"எட்டு நாள் பாக்கலாம் ஐயா," என்றாள் ஹெப்சிபா. "அப்பவும் ஒண்ணும் இல்லைன்னா..."

"அம்மிணி, நீங்க பயப்படாதீங்க. ஆத்தாளே சொல்லியிருக்கறா."

சொல்லிவிட்டாரே தவிர, ஆறாம் நாள் சம்பூர்ணம் தண்ணீர்கூட வேண்டாம் என்று திரும்பிப் படுத்தபோது, வெள்ளியங்கிரி வராந்தாவுக்கு வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றார். "வெள்ளையத்தான வெச்சேன் ஆத்தா, நீ எதுக்கு மாத்துன?" என்று வாய்க்குள்ளேயே கேட்டார்.

ஏழாம் நாள் மத்தியானம் அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. நூற்றிநான்கு. கழுத்தில் நெறி கட்டியது. உடம்பே உதறியது. வெள்ளியங்கிரி அலறிக்கொண்டு ஓடினார். ஹெப்சிபா ஓடி வந்து, இரத்தம் எடுத்து, பார்த்துவிட்டு வந்து, அறுபத்தெட்டு வயதுக்காரியின் கட்டிலைச் சுற்றிக் குதித்தாள். "முழிச்சிருச்சு! அம்மா, முழிச்சிருச்சு! இத்தனை தப்புப் பண்ணினா எந்தச் சாதுவுக்கும் கோபம் வரும்!"

ஆறாம் வாரம் கட்டி கொட்டைப்பாக்கு அளவு. எட்டாம் வாரம் இடம் தெரியவில்லை.

சம்பூர்ணம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். வெள்ளியங்கிரி பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆத்தாளுக்கு எத்தனை பொங்கல் வைப்பது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். திட்டக் கூடாது."

"சொல்லு புள்ள."

"அந்தப் பூவு... ஆத்தா குடுத்ததில்லீங்க. மொத நாள் சாயங்காலம் நான் போயி மாரப்பங்கிட்டச் சொல்லி, ரெண்டுலயும் செவப்பு வெச்சுட்டு வந்தேன்."

வெள்ளியங்கிரியின் மொட்டைத் தலையில் வேர்வை முளைத்தது. "நீயா? எதுக்கு?"

"உங்க அணு எனக்கு வேண்டாமுங்க. ஊட்டுல ஒருத்தரு போதும். ரெண்டு பேரும் தட்டித் தட்டிப் பாத்துட்டிருந்தா எப்பத்தான் சோறு திங்கறது?"

"அடிப் பாதகத்தி! ஆத்தாளையே ஏமாத்திப் போட்டியா! உசுரு போயிருந்தா? அந்தப் பத்துல எட்டுப் பேருல நீயும் ஒருத்தியாகோணும்னு நான் ரெண்டுலயும் வெள்ளையக் கட்டி வெச்சிருந்தேன், அன்னிக்கு மாதிரியே..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் கடித்தது அரை நொடி தாமதம்.

"என்னிக்கு மாதிரி?" என்றாள் சம்பூர்ணம்.

அவர் பொங்கல் பட்டியலில் கண்ணைப் புதைத்துக்கொண்டார். கஞ்சி ஆறியது. சம்பூர்ணம் அவர் முகத்தையே பார்த்தாள். நாற்பத்தாறு வருடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து பார்த்துவிட்டு வந்தது போல இருந்தது அந்தப் பார்வை.

"அப்ப ஆத்தா என்னைய உங்களுக்குக் குடுக்கவே இல்ல," என்றாள். அதற்கப்புறம் ஒன்பது நாள் பேசவில்லை.

பேசாதது மட்டும் என்றால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஃபிரிட்ஜுக்கு வைத்திருந்த மூலையில் அரிசி டிரம்மைத் தள்ளி வைத்தாள். அவர் வாங்கி வந்த பாலில் ஒரு துளி எடுத்து நகத்தில் விட்டுப் பார்த்தாள். கடைக்குப் போகிறேன் என்று அவர் சொன்னால், சன்னலில் நின்று எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்த்தாள். வெள்ளியங்கிரிக்கு விளங்கிவிட்டது. சாமி இல்லை என்று ஆன அன்றே அவருக்குப் பழைய மூளை திரும்பி வந்துவிட்டதல்லவா? இது அவருடைய அணு. பிழை மருந்து என்று பெயர் சொல்லி, அந்தச் சிரிக்கிற டாக்டர் இவருடைய அணுவைத்தான் ஏற்றியிருக்கிறாள்!

பத்தாம் நாள், நான்கு டயரையும் அழுத்தமாக உதைத்துவிட்டுப் பஸ் ஏறினார். சம்பூர்ணமும் கூடவே ஏறினாள். அவரைத் தனியாக விட அவளுக்கு நம்பிக்கை இல்லை.

"அம்மிணி, நெசத்தைச் சொல்லுங்க. எம்பட அணுவை இவளுக்கு ஏத்துனீங்களா இல்லையா?"

ஹெப்சிபா திகைத்தாள். "ஒண்ணுகூட இல்ல ஐயா. அம்மாவைக் காப்பாத்தினது முழுக்க அம்மாவோட சொந்த அணுக்கள்."

"அப்ப எப்படி இவளுக்கு எம் புத்தி வந்துச்சு?"

அவள் மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன். வார்டுல பன்னெண்டு பேருக்கும் உங்க அணு போகல ஐயா. வழக்கமான மருந்து எல்லாருக்கும் உண்டு. அதுக்கு மேல ஆறு பேருக்குத்தான் உங்க அணு. மத்த ஆறு பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக, அவங்க சம்மதத்தோட. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாம மூடி வெச்சிருந்தாங்க. நேத்துத்தான் பிரிச்சோம்."

"அதுக்கு?"

"கட்டி உங்க அணு போனவங்களுக்குத்தான் நல்லாக் கரைஞ்சிருக்கு. ஆனா சந்தேகம் பன்னெண்டு பேருக்கும் வந்திருக்கு. தையற்காரருக்குப் போனது வெறும் உப்புத் தண்ணி!"

"அது எப்படி?"

"அணுவால வரல ஐயா. நீங்க நாற்காலியில ஒக்காந்து வாரம் நாலு மணி நேரம் பேசினீங்கல்ல? அது. அவங்களுக்கே ஆறு மாசம் போதுமா இருந்திருக்கு. அம்மா நாப்பத்தாறு வருஷம் உங்க பக்கத்துல இருந்திருக்காங்க."

ஹெப்சிபா காகிதத்தை மேசையில் வைத்தாள். அப்புறம் ஹெப்சிபா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஏம்மா, இப்ப ஐயாவை நம்பறீங்களா?"

"ஒரு சொல்லையும் நம்பறதில்லீங்க," என்றாள் சம்பூர்ணம் சாவகாசமாக. "கூட இருக்கறதுக்கு அது எதுக்குங்க? ஆத்தா குடுக்காமயே நாப்பத்தாறு வருசம் இருந்திருக்கறேன். இனி நானாத்தான் இருந்துக்கோணும்." பிறகு அவரைப் பார்த்து, ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் முறையாக அவரிடமே பேசினாள். "என்ன முழிக்கறீங்க? நேரமாச்சு, சோறாக்கோணும். எந்திரிங்க."

வெள்ளியங்கிரி எழுந்தார். கதவு வரை போனார். அவர் முகத்தில் பெரிய நிம்மதி ஒன்று ஏறி உட்காரப் பார்த்தது. அதற்கு இடம் கொடுக்காமல் திரும்பினார்.

"பேசுனதுக்கே ஒட்டிக்கிச்சாம்! எந்த ஊருல நடக்கும்?" என்றார். "அம்மிணி, அந்த உப்புத் தண்ணியைக் கலக்குனது யாரு? பக்கத்துல நின்னு பாத்தீங்களா நீங்க?"

"ஐயா, அது வெறும்..."

"பாக்கல. அப்படிச் சொல்லுங்க. பன்னெண்டு பேருக்கும் வந்திருக்குதுன்னா அந்தத் தண்ணியில என்னமோ இருக்குது."

ஹெப்சிபா ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள். அவர் நிற்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே வராந்தாவில் நடந்து, படியிறங்கி, வெயிலில் போய்க்கொண்டே இருந்தார்.